பழைய டெஸ்க்டாப்புக்குக் கிராஃபிக்ஸ் கார்டா? முதலில் பெட்டியைத் திறந்து பாருங்கள்

"மாமா, கார்டு உள்ளயே போக மாட்டேங்குது."

அக்கா மகன் போனில் சொன்னது இது. கல்லூரியில் முதலாண்டு படிக்கிறான். வீட்டில் இருப்பது டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020. ஏதோ ஓர் அலுவலகத்தில் பல வருடம் உழைத்துவிட்டு, ரீஃபர்பிஷ்டு என்ற பெயரில் மறுபடி விற்பனைக்கு வந்த பெட்டி. கோர் ஐ5 4590 பிராசஸர், 8 ஜிபி ரேம். சேர்த்து வைத்திருந்த பணத்தில் செகண்ட் ஹேண்ட் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ ஒன்றை வாங்கிவிட்டான். கார்டில் குறை எதுவும் இல்லை. பெட்டிதான் ஒல்லி. மாட்டினால் மூடியை மூட வழியில்லை. விற்றவர் திருப்பி எடுத்துக்கொண்டார், ஆயிரம் ரூபாய் பிடித்துக்கொண்டு.

அந்த ஆயிரம் ரூபாய் உங்களுக்கும் போகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். புது கம்ப்யூட்டர் கட்டுகிறவர் கார்டைப் பிடித்துவிட்டு மற்றதை அதற்கேற்ப வாங்கலாம். பழைய பெட்டி வைத்திருப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. கேபினட்டின் அளவு, எஸ்எம்பிஎஸ்ஸின் (உள்ளே மின்சாரம் தரும் பெட்டி) பலம், கார்டு செருகும் ஸ்லாட், பிராசஸர், மானிட்டர் ஆகிய ஐந்தும் ஏற்கெனவே தீர்மானமாகிவிட்டவை. அவை விட்டுவைத்த இடத்துக்குள் எது அடங்குமோ அதுதான் உங்கள் கார்டு. தேடும் வரிசையும் அப்படியே இருக்க வேண்டும்: முதலில் பெட்டி, கடைசியில் கடை.

கார்டு தேவைதானா?

கம்ப்யூட்டர் ஆன் ஆக மூன்று நிமிடம், பிரவுசர் திறக்க ஒரு நிமிடம் என்றால் உங்களுக்கு வேண்டியது எஸ்எஸ்டி, அதாவது ஹார்டு டிஸ்குக்குப் பதில் போடும் வேகமான டிஸ்க். பத்து டேப் திறந்ததும் திணறினால் ரேம். இந்த இரண்டையும் செய்யாமல் கிராஃபிக்ஸ் கார்டு வாங்குவது, பஞ்சரான டயரோடு வண்டிக்குப் புது ஹார்ன் மாட்டுவதைப் போன்றது. டைப்பிங், எக்செல், டேலி, ஆன்லைன் வகுப்பு இவற்றுக்கெல்லாம் பிராசஸரோடு வரும் கிராஃபிக்ஸே போதும்.

ஒரே ஒரு ரேம் பட்டை மட்டும் இருக்கிறதா? அதே மாதிரி இன்னொன்றைச் சரியான ஸ்லாட்டில் சேர்த்துப் பாருங்கள். பிராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸுக்குத் தனி நினைவகம் இல்லை, ரேமைத்தான் கடன் வாங்குகிறது. ஒரு பட்டைக்குப் பதில் இரண்டு பட்டை இருந்தால் ரேமுக்குப் போய்வரும் பாதை இரட்டிப்பாகும். பழைய சிறு விளையாட்டுகள் அதிலேயே கண்ணுக்குத் தெரிகிற அளவு சீராகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். டிடிஆர்3 ரேம் செகண்ட் ஹேண்டில் கார்டைவிட மிகக் குறைந்த காசுக்குக் கிடைக்கும்.

யூடியூபில் 4கே வீடியோ தடுக்கித் தடுக்கி ஓடுவதற்காகக் கார்டு தேடுகிறவர்களும் உண்டு. யூடியூப் பெரும்பாலும் விபி9, ஏவி1 வகைகளில் வீடியோவை அனுப்புகிறது. இன்டெல்லின் மூன்றாம், நான்காம் தலைமுறைப் (ஐ5 4590 நான்காம் தலைமுறை) பிராசஸர்களின் கிராஃபிக்ஸில் இவற்றை முழுமையாகப் பிரித்துக் காட்டும் வன்பொருள் இல்லை. பாரம் பிராசஸர்மேல் விழுகிறது. 1080பி தரத்தில் பார்த்தால் போதும் என்றால், எச்264 வகையையே அனுப்பச் சொல்லும் பிரவுசர் எக்ஸ்டென்ஷன் ஒன்றைப் போட்டாலே தீர்ந்தது, செலவே இல்லை.

இவையெல்லாம் கடந்தும் விளையாட்டு, வீடியோ எடிட்டிங், பிளெண்டரில் 3டி போன்ற வேலை இருக்கிறதென்றால் கார்டு வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. தொடர்ந்து படியுங்கள்.

பெட்டிக்குள் அளவெடுப்பது

கம்ப்யூட்டரை அணைத்து, மின்வயரைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து, பக்கவாட்டு மூடியைத் திறங்கள். ஒரு ஸ்கேல், ஒரு டார்ச், செல்போன் கேமரா போதும். பார்க்கும் எல்லாவற்றையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். கடையில் நிற்கும்போது அந்தப் படங்கள்தான் கைகொடுக்கும்.

முதலில் உயரம். கேபினட்டின் பின்பக்கம் கார்டு திருகும் இடத்தில் நீளவாக்கில் தகடுகள் இருக்கும். அவற்றின் நீளம் 12 சென்டிமீட்டர் அளவில் இருந்தால் முழு உயரக் கார்டு போகும். 8 சென்டிமீட்டர் அளவில் இருந்தால் லோ புரொஃபைல் எனப்படும் குட்டைக் கார்டு மட்டும்தான். அக்கா மகனின் பெட்டி இந்த இரண்டாம் ரகம். டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் மூன்றுமே ஒரே மாடல் எண்ணில் டவர், ஒல்லிப் பெட்டி என்று வெவ்வேறு உருவங்களில் வந்தவை. "9020க்கு இந்தக் கார்டு போகும்" என்று எங்காவது படித்துவிட்டு வாங்காதீர்கள். எந்த உருவத்து 9020 என்பதுதான் கேள்வி.

அடுத்து தடிமன். கிராஃபிக்ஸ் கார்டுகளில் பல, விசிறியோடு சேர்த்து இரண்டு ஸ்லாட் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஒல்லிப் பெட்டிகள் சிலவற்றில் நீளமான முதன்மை ஸ்லாட் எஸ்எம்பிஎஸ்ஸை ஒட்டியே இருக்கும். அங்கே ஒற்றை ஸ்லாட் கார்டுதான் நுழையும். பக்கத்தில் அதே நீளத்தில் இன்னொரு ஸ்லாட் இருக்கிறதே என்று அதில் மாட்டப் போனால், பார்வைக்கு 16 பாதை (தகவல் போய்வரும் தடம்) ஸ்லாட்டாக இருந்தாலும் உள்ளே 4 பாதைக்குத்தான் இணைப்பு இருக்கும். மாடலின் கையேட்டில் இது எழுதியிருக்கும். ஸ்லாட்டுக்குப் பக்கத்தில் போர்டிலேயே அச்சிட்டிருப்பதும் உண்டு.

பிறகு நீளம். ஸ்லாட்டின் பின்தகட்டிலிருந்து ஹார்டு டிஸ்க் கூண்டு வரை ஸ்கேல் வைத்து அளந்து, இரண்டு சென்டிமீட்டர் குறைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு சென்டிமீட்டர் வயர்கள் வளைவதற்கு.

இனி முக்கியமானது, எஸ்எம்பிஎஸ். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஏனென்றால் மற்ற தவறுகளில் பணம் போகும், இதில் பெட்டியே போகலாம்.

எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒரு லேபிள் இருக்கும். அதில் கொட்டை எழுத்தில் உள்ள வாட் கணக்கை உடனே நம்பிவிட வேண்டாம். +12V என்ற கட்டத்தைத் தேடுங்கள். கிராஃபிக்ஸ் கார்டும் பிராசஸரும் கிட்டத்தட்ட முழுதாக அந்த 12 வோல்ட் தடத்திலிருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன. அங்கே 14A என்று இருந்தால், 12ஐ 14ஆல் பெருக்க வருவது 168 வாட். மேலே 450 என்று எழுதியிருந்தாலும் உங்களுக்குப் பயன்படுவது அந்த 168 தான். அசெம்பிள் செட்களில் கேபினட்டோடு இலவசமாக வரும் மலிவு எஸ்எம்பிஎஸ்களில் இந்த இடைவெளி பெரிதாக இருக்கும். டெல், எச்பி, லெனோவோ அலுவலகப் பெட்டிகளில் எழுதியிருப்பது சிறிய எண்தான், ஆனால் எழுதியதைக் கொடுக்கும். ஆப்டிபிளெக்ஸ் 9020 டவரில் 290 வாட், ஒல்லிப் பெட்டியில் 255 வாட்.

இப்போது கணக்கு. மதர்போர்டு ஸ்லாட் வழியாக ஒரு கார்டு அதிகபட்சம் 75 வாட் எடுக்கலாம். அதற்கு மேல் வேண்டிய கார்டுகளுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேரடியாக 6 பின் வயர் போக வேண்டும், அது இன்னொரு 75 வாட் தரும். 8 பின் என்றால் 150. ஐ5 4590 பிராசஸருக்கு 84 வாட், ஸ்லாட்டிலிருந்து மட்டும் மின்சாரம் எடுக்கும் கார்டுக்கு 75 வாட், போர்டு, டிஸ்க், விசிறிகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு 40 வாட் என்று வைத்தால் மொத்தம் 200 வாட்டை ஒட்டி வரும். 255 வாட்டுக்குள் அடங்குகிறது. அதனால் பழைய அலுவலகப் பெட்டிகளுக்கு நான் சொல்லும் விதி ஒன்றுதான்: தனி மின்வயர் கேட்காத கார்டு மட்டும்.

"6 பின் வயர் இல்லையா, சாட்டா கனெக்டரிலிருந்து மாத்திக் கொடுக்கிறேன்" என்று சொல்லும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். ஹார்டு டிஸ்குக்குப் போகும் சாட்டா மின் கனெக்டர் 12 வோல்ட்டில் தாங்குவது 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். 6 பின் கேட்கக்கூடியது 75 வாட். அந்த பிளாஸ்டிக் உருகிக் கருகிய கனெக்டர்களைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன்.

எஸ்எம்பிஎஸ்ஸையே மாற்றிவிடலாமே என்றால், அதிலும் பிராண்டட் பெட்டிகள் தனி வழி போகின்றன. ஆப்டிபிளெக்ஸ் 7010 டவரில் வழக்கமான 24 பின் இணைப்பு இருந்தது. அடுத்து வந்த 9020இல் டெல் அதை 8 பின்னாக மாற்றிவிட்டது. லெனோவோவின் அதே காலத்து திங்க்சென்டர்களில் 14 பின். மாற்று வயர்கள் விற்கிறார்கள்தான். ஆனால் புது எஸ்எம்பிஎஸ், மாற்று வயர், பெரிய கார்டு என்று கூட்டிப் பார்த்தால், அந்தப் பணத்தோடு பழைய பெட்டியையும் விற்று இன்னும் நல்ல செட் ஒன்றுக்குப் போய்விடலாம்.

மானிட்டரின் பின்பக்கம்

இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பழைய மானிட்டரில் நீல நிற விஜிஏ மட்டும் இருக்கும். 2016இல் வரத் தொடங்கிய என்விடியா ஜிடிஎக்ஸ் 10 வரிசையிலிருந்து விஜிஏ சிக்னலே கிடையாது. கார்டில் டிவிஐ துளை இருந்தாலும் அது டிஜிட்டல் மட்டும், சாதாரண டிவிஐ–விஜிஏ மாற்றி அதில் உட்காரவே உட்காராது. எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும், உள்ளே சிப் வைத்த கன்வெர்ட்டர் ஒன்று வாங்க வேண்டும். அதன் விலையையும் பட்ஜெட்டில் சேர்த்துவிடுங்கள். பழைய குவாட்ரோ (என்விடியாவின் ஒர்க்ஸ்டேஷன் வரிசை) கார்டு வாங்குகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: அவற்றில் பலவற்றுக்கு மினி டிஸ்பிளேபோர்ட் மட்டும்தான். கார்டோடு மாற்று வயர் வருகிறதா என்று கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள்.

பிராசஸர் எவ்வளவு தாங்கும்?

கார்டு வாங்கும் முன்பே இதை ஓரளவு கண்டுபிடிக்கலாம். நீங்கள் ஆட விரும்பும் விளையாட்டை இப்போதிருக்கும் கிராஃபிக்ஸிலேயே ஓடவிடுங்கள். ரெசொல்யூஷனை மிகக் கீழே இறக்குங்கள், எல்லா அமைப்புகளையும் 'லோ'வில் வையுங்கள். படம் அசிங்கமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பிராசஸர் வரைபடத்தைக் கவனியுங்கள். அந்த நிலையிலும் பிராசஸர் 100 சதவீதத்தை ஒட்டி நின்று, அப்போது கிடைக்கும் எஃப்பிஎஸ்ஸும் (நொடிக்கு எத்தனை படம் என்ற எண்) போதாமல் இருந்தால், எந்தக் கார்டு போட்டாலும் அந்த விளையாட்டு பெரிதாக வேகமெடுக்காது. பிராசஸர் 50, 60 சதவீதத்தில் இளைப்பாறிக்கொண்டிருக்க ஜிபியு (கிராஃபிக்ஸ்) கட்டம் மட்டும் முட்டிக்கொண்டு நின்றால், கார்டு போட்டதும் பலன் தெரியும். இன்டெல்லின் மூன்றாம் தலைமுறையிலும் அதற்கு முந்தியவற்றிலும் டாஸ்க் மேனேஜரில் ஜிபியு கட்டம் வராது. பிராசஸர் கட்டத்தை வைத்தே முடிவு செய்யுங்கள்.

ஐ5 4590 போன்ற நான்கு கோர் பிராசஸருக்கு என் கணக்கில் மேல் எல்லை ஜிடிஎக்ஸ் 1650. அதற்கு மேல் போகும் காசில் பாதி, கார்டு சும்மா காத்திருப்பதற்குத்தான். கோர் 2 டுயோ வைத்திருப்பவர்களிடம் நேராகவே சொல்லிவிடுகிறேன்: அதில் கார்டுக்காக ஒரு ரூபாயும் போடாதீர்கள். அந்தக் காலத்து பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் போர்டின் மென்பொருள்), புதிய கார்டுகளில் பலவற்றோடு பேசவே பேசாது. ஆன் செய்தால் கறுப்புத் திரைதான்.

"4 ஜிபி கார்டு சார்"

சென்னை ரிச்சி தெருவானாலும் ஆன்லைன் கடையானாலும் புதியவர்களிடம் முதலில் நீட்டப்படுவது ஜிடி 730, 4 ஜிபி. டப்பா பெரியது, எண் பெரியது, விலை சிறியது. பல வருடம் முன்பு நானும் அதைத்தான் வாங்கினேன். போர்டிலிருந்த கிராஃபிக்ஸுக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாமல் ஒரு வாரம் டிரைவரை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிரைவரில் எந்தக் கோளாறும் இல்லை என்பது பிறகுதான் புரிந்தது.

நினைவகம் எத்தனை ஜிபி என்பது தொட்டியின் கொள்ளளவு. அதிலிருந்து தண்ணீர் வரும் குழாயின் அகலம் வேறு விஷயம். டிடிஆர்3 நினைவகமும் 64 பிட் பாதையும் கொண்ட ஜிடி 730இல் நொடிக்கு 14.4 ஜிபி வருகிறது. ஐ5 4590 பெட்டியில் இரண்டு பட்டை டிடிஆர்3 1600 ரேம் போட்டால் நொடிக்கு 25.6 ஜிபி. அந்தப் பாதையைப் பிராசஸரும் பங்குபோட்டுக்கொள்கிறது என்பது உண்மைதான், ஆனாலும் காசு கொடுத்து வாங்கிய கார்டின் குழாய் ஏற்கெனவே வீட்டில் இருப்பதைவிடக் குறுகல். தொட்டி 4 ஜிபியாக இருந்து என்ன பயன்?

ஜிடி 1030இலும் இதே பொறி உண்டு, இன்னும் நயமாக. 2017இல் வந்தது ஜிடிடிஆர்5 நினைவகத்தோடு, நொடிக்கு 48 ஜிபி. 2018இல் அதே பெயரில் டிடிஆர்4 நினைவகத்தோடு இன்னொன்று வந்தது, நொடிக்கு 16.8 ஜிபி. பெயரில் ஒரு எழுத்துகூட வித்தியாசம் இல்லை. விளையாட்டில் கிட்டத்தட்ட பாதி வேகம். டப்பாவில் 'ஜிடிடிஆர்5' என்று இருக்கிறதா, வெறும் 'டிடிஆர்4' என்று இருக்கிறதா என்பதை உங்கள் கண்ணால் படியுங்கள். விற்பவர் வாயால் சொல்வது போதாது.

ஜிடி 710க்கும் 730க்கும் ஒரு நியாயமான இடம் உண்டு: பிராசஸருக்குள் கிராஃபிக்ஸே இல்லாத செட், அல்லது போர்டின் டிஸ்பிளே போர்ட் பழுதான செட். திரையில் படம் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு. அதிலும் கவனம் தேவை, கெப்ளர் தலைமுறையான இவற்றுக்கு என்விடியாவின் பாதுகாப்பு அப்டேட்டும் 2024 செப்டம்பரோடு நின்றுவிட்டது.

சரி, எதை வாங்குவது?

டவர் பெட்டி, முழு உயரம் போகும் என்றால் என் முதல் தேர்வு ஜிடிஎக்ஸ் 1650. 2019இல் வந்தது, 4 ஜிபி, 75 வாட். வீடியோ எடிட்டிங்கில் ஏற்றுமதி செய்யும்போது உதவும் என்கோடர் இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: இதே பெயரில் 6 பின் வயர் கேட்கும் கார்டுகளும் நிறைய உண்டு. விளம்பரப் படத்தில் கார்டின் மேல்விளிம்பைப் பாருங்கள், மின் சாக்கெட் தெரிந்தால் உங்களுக்கு அது வேண்டாம்.

கை இன்னும் இறுக்கமாக இருந்தால் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. 2016இல் வந்த கார்டு, 4 ஜிபி, அதே 75 வாட். இரண்டில் ஏன் 1650ஐ முன்னால் வைக்கிறேன் என்றால் வேகம் மட்டும் காரணமில்லை. 1050 டிஐ இருக்கும் பாஸ்கல் தலைமுறைக்குப் புது விளையாட்டுகளுக்கான டிரைவர் வெளியீட்டை என்விடியா 2025 அக்டோபரோடு முடித்துக்கொண்டது. 2028 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் வரும் என்று அறிவித்திருக்கிறது. 1650 அடுத்த தலைமுறை, அந்தப் பட்டியலில் இல்லை. ஏற்கெனவே வெளிவந்த விளையாட்டுகளையே ஆடப் போகிறீர்கள் என்றால் 1050 டிஐ இன்னும் சில வருடம் ஓடும். விலை வித்தியாசம் சிறிதாக இருந்தால் 1650க்கே போங்கள்.

ஒல்லிப் பெட்டிக்காரர்களுக்கு மேலே சொன்ன இரண்டும் லோ புரொஃபைல் உருவத்திலும் வந்திருக்கின்றன, ஆனால் இரண்டு ஸ்லாட் தடிமன். அது நுழையாது என்றால் குவாட்ரோ பி1000ஐத் தேடுங்கள். ஒற்றை ஸ்லாட், குட்டை உயரம், 47 வாட், 4 ஜிபி ஜிடிடிஆர்5. அலுவலகங்களின் ஒர்க்ஸ்டேஷன்களிலிருந்து கழற்றி வருபவை என்பதால் மற்ற செகண்ட் ஹேண்ட் கார்டுகளைப் போல அடிவாங்கியிருக்கும் வாய்ப்பு குறைவு. அக்கா மகனுக்குக் கடைசியில் மாட்டியது இதைத்தான். சிஎஸ் 2வும் ஜிடிஏ 5உம் ஆடுகிறான், சாலிட்வொர்க்ஸில் கல்லூரி அசைன்மென்ட்டும் செய்கிறான்.

ஏஎம்டி ரேடியான் ஆர்எக்ஸ் 6400ஐயும் பலர் சொல்வார்கள். 2022இல் வந்தது, 53 வாட், ஒற்றை ஸ்லாட்டிலும் கிடைக்கும். காகிதத்தில் ஒல்லிப் பெட்டிக்கென்றே செய்தது போலிருக்கும். ஆனால் அது பிசிஐ எக்ஸ்பிரஸ் (கார்டு ஸ்லாட்டின் தரம்) 4.0 ஸ்லாட்டுக்காகச் செய்த கார்டு, அதிலும் 4 பாதையை மட்டும் பயன்படுத்துகிறது. மூன்றாம், நான்காம் தலைமுறை இன்டெல் செட்டில் 3.0 தான், நொடிக்கு 4 ஜிபி அளவுக்குச் சுருங்கும். இரண்டாம் தலைமுறைப் பிராசஸரில் 2.0, அதாவது 2 ஜிபி. போதாததற்கு வீடியோ என்கோடரும் இல்லை. எடிட்டிங் செய்கிறவர்களுக்கு இது வேண்டாம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்த பின் லினக்ஸுக்கு மாறியவர்களுக்கு மட்டும் இதில் ஒரு வசதி உண்டு, ஏஎம்டியின் டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடே வந்துவிடும்.

இன்டெல் ஆர்க் ஏ380 விலையில் மலிவு. ஆனால் ரீசைசபிள் பார் என்ற வசதி போர்டில் இல்லாவிட்டால் அதன் வேகம் பெரிதும் குறையும், பத்து வருடப் பெட்டியில் அந்த வசதி கிடையாது. 2024இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி 70 வாட்டில், பெரும்பாலும் தனி வயர் இல்லாமல் ஓடும் அருமையான கார்டு. எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல் ஆறு கோர் செட் வைத்திருப்பவர்கள் தாராளமாகப் பாருங்கள். நான்கு கோர் பழைய பெட்டிக்கு அதன் விலை அதிகம்.

விலைக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் எளியது. இன்றைக்கு உங்கள் முழுப் பெட்டியையும் விற்றால் என்ன கிடைக்குமோ, அதைவிட அதிகமாகக் கார்டுக்குக் கொடுக்காதீர்கள்.

செகண்ட் ஹேண்ட் கார்டைச் சோதிப்பது

மேலே சொன்னவற்றில் பல புதிதாகக் கிடைப்பது அரிது. பழையதைத்தான் வாங்குவீர்கள். முடிந்தவரை நேரில், ஓடவிட்டுப் பார்த்து வாங்குங்கள். ஓடவிட்டுக் காட்ட மறுப்பவரிடம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

பென் டிரைவில் ஜிபியு-இசட் (கார்டின் விவரங்களைக் காட்டுவது), ஃபர்மார்க் (கார்டை முழு வேகத்தில் ஓட்டிச் சோதிப்பது) இரண்டையும் போட்டு எடுத்துப் போங்கள். ஜிபியு-இசட்டைத் திறந்ததும் பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்ற சொல் வருகிறதா பாருங்கள். ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ போன்ற மிகப் பழைய கார்டுகளின் பயாஸை மாற்றி எழுதி, 1050 டிஐ என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்பது பல வருடமாக நடக்கிறது. விண்டோஸும் அந்தப் பொய்ப் பெயரையே காட்டும். உண்மையான 1050 டிஐயில் சிப் ஜிபி107, ஷேடர் (சிப்பில் கணக்கிடும் அலகு) எண்ணிக்கை 768. போலியில் ஷேடர் 192 என்று வரும். மென்பொருள் இல்லாமலே தெரியும் அடையாளமும் ஒன்று உண்டு: 1050 டிஐ என்று சொல்லும் கார்டில் விஜிஏ போர்ட் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

பிறகு ஃபர்மார்க்கைப் பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் ஒரு டீ சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன் என்று சொல்லி ஓடவிடுங்கள். திரையில் வண்ணப் புள்ளிகள், கோடுகள், கட்டங்கள் தெரிந்தால் பெரும்பாலும் நினைவகம் போய்விட்டது என்று அர்த்தம். வெப்பம் ஏறி ஏறி 80 டிகிரியை ஒட்டி நின்றுவிட்டால் சரி. நிற்காமல் 90ஐத் தாண்டினால் விசிறியோ, சிப்பின் வெப்பத்தைக் கடத்தும் பேஸ்ட்டோ காலி. பழுதான கார்டைச் சூடுகாட்டி உயிர்ப்பித்து விற்பவர்களும் உண்டு. அது சில நாள், சில வாரம் ஓடிவிட்டு மறுபடி சாகும். சிப்பைச் சுற்றி போர்டு நிறம் மாறியிருந்தாலோ, பசை உருகி வழிந்த தடம் இருந்தாலோ, அது அந்த ரகம். அதனால் 'டெஸ்டிங் வாரண்டி' ஏழு நாள் என்பதை முப்பது நாளாகக் கேளுங்கள், பில்லில் எழுதி வாங்குங்கள்.

மாட்டுவது

புதியவர்கள் பயப்படுவது இங்கேதான், ஆனால் மொத்த வேலையிலும் இதுதான் எளிது. வாங்கும் முன்பே உங்கள் மாடலுக்கு வந்த கடைசி பயாஸ் அப்டேட்டைப் போட்டுவிடுங்கள். கரண்ட் போய்விடாத நேரமாகப் பார்த்து, யுபிஎஸ் இருந்தால் அதில் இணைத்து. பிறகு மின்வயரைப் பிடுங்கி, கேபினட்டின் உலோகப் பகுதியைத் தொட்டு உடம்பின் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு, பின்தகட்டைக் கழற்றுங்கள். உள்ளே பத்து வருடத் தூசி இருக்கும். ஈரத்துணி வேண்டாம், உலர்ந்த பெயின்ட் பிரஷ் போதும்.

கார்டை விளிம்பில் பிடித்து, ஸ்லாட்டுக்கு நேராக வைத்து, இரண்டு முனையிலும் சமமாக அழுத்துங்கள். 'க்ளிக்' என்று கொக்கி விழும். ஸ்குரூவை முடுக்குங்கள். லோ புரொஃபைல் கார்டில் பெரும்பாலும் நீளத் தகடு மாட்டியிருக்கும். அதைக் கழற்றிக் குட்டைத் தகட்டை மாட்ட வேண்டும். குட்டைத் தகடு இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள். தனியாகத் தேடினால் அந்தத் துண்டுத் தகரம் கிடைக்காமல் நாள் கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

மானிட்டர் வயரைக் கார்டில் செருகுங்கள், போர்டில் அல்ல. "கார்டு வேலை செய்யல" என்று எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வயரோடு முடிந்துவிடும். அப்படியும் திரை கறுப்பாக இருந்தால், கார்டைக் கழற்றிவிட்டுப் பழையபடி ஆன் செய்து, பயாஸில் முதன்மை டிஸ்பிளே 'ஆட்டோ' அல்லது 'பெக்' (PEG, ஸ்லாட்டில் உள்ள கார்டு) என்று இருக்கிறதா பாருங்கள்.

டிரைவரை என்விடியா அல்லது ஏஎம்டியின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். "எல்லா டிரைவரும் ஒரே கிளிக்கில்" என்று வருவதைத் தொடவே வேண்டாம்.

மாட்டிய முதல் வாரம்

ஜிபியு-இசட்டில் 'பஸ் இன்டர்ஃபேஸ்' என்ற வரியில் 3.0க்குப் பதில் 1.1 என்று காட்டும். பதற வேண்டாம், வேலையில்லாத நேரத்தில் கார்டு தன்னைச் சுருக்கிக்கொள்கிறது. பக்கத்தில் இருக்கும் கேள்விக்குறியை அழுத்திச் சோதனையை ஓடவிட்டால் உண்மையான எண் வரும். 16 பாதை வர வேண்டிய கார்டில் அப்போதும் 4 அல்லது 8 மட்டுமே காட்டினால், முதலில் எந்த ஸ்லாட்டில் மாட்டினீர்கள் என்று பாருங்கள். ஸ்லாட் சரி என்றால் கார்டைக் கழற்றி, தங்க நிறக் காலை அழிரப்பரால் மென்மையாகத் துடைத்து மறுபடி மாட்டுங்கள்.

ஒல்லிப் பெட்டியில் காற்று குறைவு. மூடியைத் திறந்து வைத்து ஆடும்போது 70 டிகிரி, மூடியபின் 85 என்று வந்தால், பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், மேசையின் அறைக்குள் அடைத்து வைக்காதீர்கள். ஆடும்போது கம்ப்யூட்டர் திடீரென்று தானாக அணைந்து மறுபடி ஆன் ஆனால் பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ் திணறுகிறது. அன்றைக்கே ஆட்டத்தை நிறுத்திவிட்டு, முப்பது நாள் முடிவதற்குள் பில்லை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், இதைவிடக் குறைந்த வாட்டில் ஓடும் கார்டாக மாற்றிக் கேளுங்கள்.